கடற்பசுவுக்கு நாற்பது குவளை

தோலுக்குள் போனவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. இதை அந்தக் கூடத்தில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கைப்பேசியை அணைப்பது பற்றியும் அமைதி காப்பது பற்றியும் சுவரில் அறிவிப்புகள் இருந்தன. பெயரைப் பற்றி எதுவும் இல்லை. ஆயினும் முதுகுப்பக்கத்து ஜிப் மேலேறி மூடிய கணத்திலிருந்து, விளக்குகளை இயக்குபவர் முதல் சமையற்கட்டில் தேநீர் வடிக்கும் பெண் வரை அத்தனை பேரும் அவ்வாறே நடந்துகொண்டார்கள். "அது ரெடிங்களா?" என்று கேட்பார்கள். "அது படுத்தாச்சுங்க" என்று பதில் வரும்.

குன்னூருக்கு மேலே, ஆறேழு ஆண்டுகள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை அது. எஸ்டேட்டார் கட்டடத்தை மட்டும் ஒரு கலை அறக்கட்டளைக்கு விற்றிருந்தார்கள். அதன் மேல்மாடியில், பறித்துவந்த பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்று செலுத்தி வாட்டுவதற்கான நீளத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் தார்ப்பாய் விரித்து, மணல் கொட்டி, உப்பு கரைத்த தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு நிரப்பியிருந்தார் கலைஞர் ஸ்வேதா. படைப்பின் பெயர் 'கரை ஒதுங்கியது'. பாக் நீரிணையின் கரையொன்றில், வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்த கடற்பசு ஒன்றை அவர் நேரில் பார்த்திருக்கிறார். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்தச் சாதுவான உயிரைச் சுற்றி அறுபது பேர் நின்றார்கள் என்றும், எல்லோர் கையிலும் கைப்பேசி இருந்தது, ஒருவர் கையில்கூடத் தண்ணீர் இல்லை என்றும் அவர் ஒவ்வொரு நேர்காணலிலும் சொன்னார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை.

எனவே அவருடைய படைப்பில் பார்வையாளர் வெறுமனே பார்க்க முடியாது. ஒரு காட்சிக்கு நாற்பது பேர். தொழிலாளருக்குத் தேநீர் கொடுக்கப் பயன்பட்ட பழைய வெள்ளைப் பீங்கான் குவளைகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். உள்ளே மங்கிய நீல வெளிச்சத்தில், சிலிக்கானால் செய்த சாம்பல் நிறத் தோலுடன் கடற்பசு கிடக்கும். அதன் விலா ஏறி இறங்கும். மூச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உள்ளே ஓர் ஆள். பார்வையாளர் ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டு, வாளியிலிருந்து மொண்டு, உலர்ந்துபோகும் அந்த முதுகில் ஊற்ற வேண்டும். கடலோரக் காற்றுக்காகத் தொட்டியின் பழைய ஃபேன் ஓடும். தண்ணீர், எஸ்டேட் ஓடையிலிருந்து குழாயில் வருவது. மாதம் ஜனவரி.

"முன்னெல்லாம் இங்க கொழுந்த வாட்டுனோம்" என்பார் பிராங்ளின். அவர் அந்தத் தொழிற்சாலையின் கடைசி டீமேக்கர்; கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர். இப்போது ஃபேனையும் விளக்கையும் இயக்குபவர். "இப்ப ஆள வாட்டறோம். மெஷின் அதேதானுங்க."

பெயர் சொல்லாத விதி பிறந்ததும் அவரால்தான். கண்காட்சி தொடங்கிய முதல் வாரம் தோலுக்குள் இருந்தவர் சுப்பம்மா. இருபத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்த ஐம்பது வயதுப் பெண். நடுக்காட்சியில் அவருக்கு இருமல் பிடித்தது. பிராங்ளின் யோசிக்காமல், "ஏனுங்க சுப்பம்மா, நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். அதுவரை முதுகைத் தடவித் தேம்பிக்கொண்டிருந்த கோவைப் பெண்மணி ஒருவர் நிமிர்ந்தார். "ஓ, உள்ள ஆளா?" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த தண்ணீரை மணலில் கொட்டிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காட்சியில் வேறு யாரும் அழவில்லை. பிராங்ளினை ஸ்வேதா கடிந்துகொள்ளவே இல்லை. மறுநாள் அவருக்கு வெளிவாசலில் வேலை போட்டிருந்தது. பத்து நாள் அங்கே பனிமூட்டத்தில், காட்டெருமைகளோடு நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சுப்பம்மாவின் நுரையீரல் மூன்றாவது வாரம் கெட்டது. நான்கு நாள் வராமல் போனதும் அறக்கட்டளை அவருடைய இடத்தை வனிதாவுக்குக் கொடுத்தது. எஸ்டேட்டிலோ அறக்கட்டளையிலோ வேலை உள்ளவர்களுக்கே லயத்து லைன் வீடு. வேலை போனதால் சுப்பம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு கூடலூர்ப் பக்கம் தங்கையிடம் போய்விட்டார். அதன்பின் தோலுக்கு வெளியிலும் அவர் பெயரை அங்கே யாரும் எடுக்கவில்லை.

வனிதாவுக்கும் இருந்தது அப்படியொரு லைன் வீடுதான். கணவன் சுரேஷ் மிளகுத் தோட்டங்களில் தினக்கூலி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த மாமனார் படுக்கையில். எஸ்டேட் அவளை நிரந்தரமாக்கவில்லை. தோலுக்குள் இறுதிநாள் வரை ஒரு நாளும் ஒரு காட்சியும் தவறாமல் கிடப்பவருக்கு, கண்காட்சி முடிந்தபின் கூடத்தைத் துப்புரவு செய்யும் நிரந்தர வேலை என்று அறக்கட்டளை சொல்லியிருந்தது. அந்த நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறினால் வீடு கையில் நிற்கும். அவள் அறுபத்தொரு நாள் கிடந்தாள். நாளுக்கு மூன்று காட்சிகள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்திருந்த விரல்களில் உப்பு இறங்கியது. கழுத்தருகே மூச்சுக்காக விட்ட பிளவு வழியே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பார்வையாளரின் செருப்புகள்தாம்.

"நல்ல ஷூ போட்டவங்கதான் மிஸ் ரொம்ப அழுவுறாங்க" என்று ஒருநாள் ஜூடித்திடம் சொன்னாள். "ரப்பர் செருப்புன்னா ஒரு சொட்டு ஊத்திட்டுப் போயிருவாங்க. புண்ணியவானுங்க."

ஜூடித் அந்தக் கூடத்தின் வழிகாட்டி. இருபத்தாறு வயது. மேல்நிலைப் பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எல்லோருக்கும் மிஸ். ஸ்வேதா எழுதிக் கொடுத்த உரையைத் தொட்டியின் தலைமாட்டில் நின்று வாசிப்பதும், நாற்பதாவது குவளை முடிந்ததும் மணியடிப்பதும், தோலை மாட்டிவிட்டுக் கழற்றிவிடுவதும் அவள் வேலை. ஜிப் முதுகில் இருந்தது; தோலின் துடுப்புக்குள் விரல்கள் ஒட்டிக்கிடந்தன; உள்ளே இருப்பவரால் தாமாகக் கழற்ற முடியாது. வெந்நீர் வைக்கலாமா என்று முதல் மாதம் ஒருமுறை அவள் ஸ்வேதாவிடம் கேட்டிருக்கிறாள்.

"வெந்நீர்னா ஆவி வருமே ஜூடித்" என்றார் ஸ்வேதா, மிகுந்த கனிவோடு. "கடல்ல ஆவி பறக்குமா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நானே உள்ள படுத்துப் பார்த்தவதானே." அவர் படுத்தது சென்னையில், ஏப்ரலில், புகைப்படத்துக்காக ஐந்து நிமிடம்.

ஆனால் ஒரு சைகையை அவரே ஏற்படுத்தியிருந்தார். தாங்க முடியாமல் போனால் இடது துடுப்பை மூன்றுமுறை தூக்க வேண்டும். ஜூடித் உடனே மணியடித்துக் காட்சியை நிறுத்துவாள். வனிதாவின் இரண்டாவது வாரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டபோது அவள் துடுப்பைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கூடத்தில் ஓர் ஓலம் எழுந்தது. கடற்பசு தங்களிடம் கெஞ்சுகிறது என்று புரிந்துகொண்ட மக்கள், ஊற்றி முடித்தவர்கள்கூட, வாளியை நோக்கி ஓடினார்கள். மணியை நோக்கிப் போன ஜூடித், எதிர்ச்சுவரோரம் நின்ற ஸ்வேதா உள்ளங்கையை உயர்த்துவதைக் கண்டாள். பொறு. ஜூடித் பொறுத்தாள்.

அன்று மாலை ஸ்வேதா அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளா இதுல ஏதோ ஒண்ணு குறையுதுன்னு தேடினேன். இதுதான். பதினஞ்சாவது குவளைக்கு அப்புறம், தினமும். அவங்ககிட்ட சொல்லிடு."

அபயச் சைகை இவ்வாறு காட்சியின் அங்கமாயிற்று. அதற்குப் பதிலாக வேறொரு சைகையை யாரும் ஏற்படுத்தவில்லை. கேட்க வேண்டும் என்று ஜூடித் நினைத்துக்கொண்டே இருந்தாள். இடையில், வரும் ஜூன் மாதம் இந்தப் படைப்பு ஐரோப்பியத் துறைமுக நகரம் ஒன்றுக்குப் போகக்கூடும் என்றும், போனால் வழிகாட்டியாக அவளும் போக வேண்டியிருக்கும் என்றும் ஸ்வேதா சொன்னார். ஜூடித் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். அதன்பின் அவள் கேட்பதை நினைப்பதும் குறைந்தது.

இறுதிநாள், இறுதிக் காட்சி. மாலை நான்கு மணி. பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் மூடுபனியால் தாமதித்த இரண்டு வேன்களில், துறைமுக நகர அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர்களும் பெங்களூர் சேகரிப்பாளர்களும் இறங்கினார்கள். முன்பு கொழுந்து எடைபோட்ட அறைதான் உடைமாற்றும் அறை. வனிதாவின் முதுகில் ஜிப்பை ஏற்றப் போன ஜூடித்தின் விரல் அவள் பிடரியில் பட்டது.

"அக்கா, உடம்பு கொதிக்குது."

"காலையிலேர்ந்தே இருக்கு மிஸ். மூடுங்க."

"ரெண்டு மணி ஷோவுக்கும் இதோடயா படுத்தீங்க?"

"மாத்திரை போட்டேன். நிக்கல." வனிதாவின் பற்கள் அடித்துக்கொண்டன. "இன்னும் அரை மணி நேரம். அப்புறம் அந்த வெளக்கமாத்துக்கு நான்தான் ராணி. மூடுங்க மிஸ்."

ஜூடித் வெளியே ஓடிப்போய் ஸ்வேதாவிடம் சொன்னாள். ஸ்வேதாவின் முகம் உண்மையிலேயே வாடியது.

"ஐயோ பாவம். காட்சி முடிஞ்சதும் என் கார்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன்."

"முடிஞ்சதுக்கப்புறமா, மேடம்?"

"நான் கட்டாயப்படுத்தவே இல்லம்மா. வேண்டாம்னா வேண்டாம். அவங்களே முடிவு பண்ணட்டும். வேற யாரையாவது படுக்க வைக்கலாம். ஆனா இதை இறுதிவரைக்கும் செஞ்சவங்கன்னு அப்புறம் நான் எப்படி எழுதிக் கொடுக்கிறது, சொல்லு? அது நேர்மையா இருக்காதில்ல?"

இதை ஜூடித் வனிதாவிடம் சொல் மாறாமல் சொன்னாள். வனிதா சிலிக்கான் தலையைக் கையில் வைத்திருந்தாள். அதன் கண்ணாடிக் கண்கள் மாடியின் தகரக் கூரையைப் பார்த்திருந்தன.

"சுப்பம்மாக்கா சாமான் எறக்குனத நான்தான் கூட நின்னு பார்த்தேன்" என்றாள். "கட்டில ரெண்டாப் பிரிச்சாத்தான் அந்தக் கதவு வழியா வெளிய வரும். எங்க மாமனாரு அந்த மாதிரி ஒரு கட்டில்லதான் கெடக்காரு. அவர எங்க மிஸ் எறக்கி வைப்பேன்?" பிறகு, "கையத் தூக்குனா நிப்பாட்டுவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"அது ஷோவிலயே இருக்குதேக்கா. நெசமாத் தூக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ரெண்டு கையும் தூக்கறேன்."

"சரி. ரெண்டும் தூக்கினீங்கன்னா அடுத்த நொடி உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திர்றேன். யாரு என்ன சொன்னாலும் சரி. சத்தியமா."

"பேரச் சொல்லியா?" வனிதா சிரித்தாள். "பிராங்ளின் சார் மாதிரி வெளி கேட்டுக்குப் போயிருவீங்க. எருமை முட்டப்போவுது."

ஜூடித் ஜிப்பை மூடினாள்.

காட்சி தொடங்கியது. ஃபேனின் இரைச்சல் கடலோசையாகப் பழகியபின் ஜூடித் வாசிக்கத் தொடங்கினாள்: "இந்தக் கரையில் நீங்கள் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள். இதன் தோல் உலர்கிறது. உங்கள் கையில் ஒரு குவளை இருக்கிறது." முதல் குவளை கழுத்தில் விழுந்தது. ஐந்தாவது, ஆறாவது. துறைமுக நகர அருங்காட்சியகத்து அம்மையார் ஒருவர் வரிசையில் நிற்காமல் தொட்டியோரம் அமர்ந்து, ஒரு கையைக் கடற்பசுவின் தலைமீது வைத்துக்கொண்டார். அவருடைய கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. பதினைந்தாவது குவளைக்குப் பிறகு இடது துடுப்பு மூன்றுமுறை எழுந்தது, ஒவ்வொரு நாளையும் போல. கூட்டம் விம்மியது.

இருபத்திரண்டாவது குவளையில் இரண்டு துடுப்புகளும் எழுந்தன.

அவை உயரமாக எழவில்லை. தண்ணீரைவிட ஒரு சாண் மேலே வந்து நடுங்கின. அந்த நடுக்கத்தை யாரும் நடிக்க முடியாது என்பது ஜூடித்துக்குத் தெரிந்தது. எதிர்ச்சுவரோரம் ஸ்வேதா மார்பில் கைவைத்து நின்றார். அவர் பார்வை தொட்டியில் இல்லை, அம்மையாரின் முகத்தில் இருந்தது. சுவிட்சுப் பலகையருகே பிராங்ளின் ஃபேன் சுவிட்சில் விரலை வைத்தபடி ஜூடித்தையே பார்த்தார். அவள் தலையசைத்தால் போதும், அவர் அணைத்துவிடுவார். அவள் அசைக்காமல் அவராக அணைக்க மாட்டார். வெளிவாசலின் பனி அவருக்குத் தெரியும்.

ஜூடித் வாயைத் திறந்தாள். பெயரின் முதல் எழுத்துக்குக் கீழுதடு பல்லைத் தொட்டது. அந்த இடைவெளியில் அம்மையார் நிமிர்ந்து, ஈரமான கண்களால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுபோல் அவளைப் பார்த்தார். முழுக் கூடமும் அவளைப் பார்த்தது.

"அது உங்களைத்தான் அழைக்கிறது" என்றாள் ஜூடித்.

அந்த வரி உரையில் இல்லை. அவளே அந்தக் கணத்தில் உண்டாக்கியது. மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஸ்வேதா மெல்லத் தலையசைத்தார், ஆசிரியர் ஒருவர் எதிர்பாராத மாணவியிடமிருந்து சரியான விடையைக் கேட்டதுபோல். வரிசை கலைந்தது. நாற்பது பேரும் ஒருசேரத் தொட்டியைச் சூழ்ந்தார்கள். குவளைகள் வாளியில் மோதும் ஓசை எழுந்தது. வாளி காலியானதும் குழாயைத் திறந்தார்கள். முதுகில், தோளில், கழுத்துப் பிளவில் ஊற்றினார்கள். "மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று ஓர் இளைஞர் சொல்லிக்கொண்டே ஊற்றினார். துடுப்புகள் இன்னொருமுறை எழுந்தன. அவற்றைத் தங்கள் கைகளுக்குள் ஏந்திக்கொள்ள நான்கைந்து பேர் முண்டினார்கள். ஏந்தியபடியே ஊற்றினார்கள். ஃபேன் ஓடியது. ஜூடித் தாளைப் பார்த்து அடுத்த பத்தியை வாசித்தாள். அவள் குரல் எங்கும் தடுக்கவில்லை.

விலாவின் ஏற்ற இறக்கம் குறைந்தது. அது இறந்துகொண்டிருக்கிறது என்று யாரோ ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்கள்.

அப்போது கழுத்துப் பிளவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது சொல்லாக இல்லை. தண்ணீரைத் துப்பும் ஓசை, பிறகு ஒரு கமறல். விலங்கின் குரலென்றே அம்மையார் எண்ணியிருக்க வேண்டும். முகம் மலர, கையிலிருந்த குவளையை அந்த இடத்திலேயே கவிழ்த்தார்.

"ஊத்தாதீங்க."

குவளைகள் அந்தரத்தில் நின்றன. இளைஞர் மட்டும், தொடங்கிவிட்டதை நிறுத்தத் தெரியாதவராக, தன்னுடையதை ஊற்றி முடித்தார். ஸ்வேதாவின் உள்ளங்கை தானாக உயர்ந்தது. தொட்டிக்குள் அந்தப் பெரிய சாம்பல் உடல் ஒரு பக்கமாகப் புரள முயன்று, மணலில் சறுக்கி, மீண்டும் குப்புற விழுந்தது. பிளவுக்குள் ஒரு வாய் தெரிந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ஊத்தாதீங்கன்னு சொல்றேன்ல. நான் வனிதா. ஆறாம் நம்பர் லயத்துல இருக்கேன், சுரேஷ் பொஞ்சாதி வனிதா. கை வெறைச்சுப் போச்சு, என்னால கழட்ட முடியல. ஜிப்பு முதுகுல இருக்கு. ஜூடித் மிஸ்ஸக் கேளுங்க, அங்கதான் நிக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியும்."